கைகழுவுதல்

வளசரவாக்கத்தில் ஒரு வாடகை பங்களா.
பகலில் கல்யாண வீடு,
ராத்திரி எட்டுக்கு மேல் பேய் வீடு.
மாவிலைத் தோரணத்தை மட்டும் கழற்றி வைப்போம்.

பேய் ஸ்கூட்டியில் வரும்.
பெயர் மரகதவல்லி.
ஹெல்மெட்டைக் கழற்றுமுன் கேட்கும்:
"சோப்பு எங்கேக்கா?"

வாசனை இல்லாத சோப்பு.
விரலிடுக்கு, மணிக்கட்டு,
பிறகு நகக்கண்.
நகத்துக்கும் ஒரு கண் வைத்த மொழி இது,
அதைக் கழுவாமல் இந்தக் கண்ணைத் தொட விடமாட்டேன்.
பூந்துவாலை வேண்டாம், நூல் ஒட்டும்.
என் அப்பாவின் பழைய வேட்டிக் கிழிசல்,
தினமும் துவைத்தது.

டப்பியைத் திறந்தால்
ஆப்பத்தின் நடுவை மட்டும் கிள்ளியெடுத்த மாதிரி
இரண்டு வெள்ளை.
விரல் நுனியில் நிறுத்திப் பார்ப்பேன்.
கிண்ணமாக நின்றால் சரி.
தட்டாக மலர்ந்தால் உள்வெளி மாறியிருக்கிறது.

"பேய்க்கு நகம் நீளமா வேணும்" என்பார் இயக்குநர்.
வரும் சார்.
முதலில் கண், அப்புறம் பவுடர், கடைசியில் நகம்.
கழற்றும்போது முதலில் நகம், மறுபடி சோப்பு,
கண், அதற்குப் பிறகுதான் முகம்.
லென்ஸ் மருந்துக்குப் பதில்
லியாகத் ஒரு டம்ளர் நீட்டுவான்:
"கேன் தண்ணிக்கா, சுத்தம்."
குடிக்கச் சுத்தம்டா தம்பி.

போன வருஷம், வேறு கம்பெனி, வேறு பேய்.
ஸெலின்.
தரையில் விழுந்ததை எடுத்து
நாக்கில் நனைத்துப் போட்டுக்கொண்டாள்.
நான் சீப்பு தேடிக்கொண்டிருந்தேன்,
பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாம் நாள் டியூப் லைட்டைப் பார்க்க முடியவில்லை.
எழும்பூர் ஆஸ்பத்திரியில்
மணிக்கொரு சொட்டு, ராத்திரியிலும்.
கழற்றக்கூடிய வெள்ளை போய்
கருவிழியில் குருணையளவு
கழற்ற முடியாத வெள்ளை.
கம்பெனி ஒரு வாரம் போன் எடுத்தது.
பிறகு கைகழுவியது.
அன்றிலிருந்து நானும் கைகழுவுகிறேன்,
சோப்புப் போட்டு.

லென்ஸ் போட்டபின் மரகதவல்லிக்கு
உலகம் ஆவி படிந்த இட்லிச் சட்டி மூடி.
ஊரையே அலறவைக்கப் போகிறவளை
கையைப் பிடித்து
பாத்ரூமுக்குக் கூட்டிப் போவேன்.
"படி இருக்கு. இன்னொரு படி. ஒயர், ஒயர்."
கண் கொஞ்சம் உறுத்தினாலும்
இரண்டு தரம் என் கையை அமுக்குவாள்.
அது எங்கள் கட்.

நேற்று ராத்திரி ஒரு மணிக்கு மேனேஜர் வந்தார்.
"டூப்புக்கும் அதையே மாட்டிவிடு.
ஒரே ஒரு ஷாட்."

டூப், எண்ணூரிலிருந்து வந்த பவழக்கொடி.
மாடியிலிருந்து குதிக்கிறவள்.
"குடுக்கா, எனக்குக் கூச்சமெல்லாம் இல்ல."
கூச்சம் யார் கேட்டது?
மரகதவல்லியின் பர்ஸில்
வடபழனி கண் டாக்டர் எழுதிய அளவுச் சீட்டு இருக்கிறது.
பவர் இல்லாத கண்ணுக்கும் வளைவு உண்டு,
ஒருத்தி ஜாக்கெட் இன்னொருத்திக்குப் பிடிக்குமா?

டப்பியோடு பின்பக்கம் போனேன்.
நானே நகத்தால் கிள்ளினேன்,
இரண்டையும்.
"கிழிஞ்சுபோச்சு சார்."

"ஆயிரத்து எண்ணூறு. உன் பேட்டாவுல பிடிச்சுக்குவேன்."
பிடித்துக்கொள்ளுங்கள்.

பவழக்கொடியின் முடியை அவிழ்த்து
முன்னால் வாரிவிட்டேன்.
நெற்றி இல்லை, கண் இல்லை, முகமே இல்லை.
மானிட்டரில் பார்த்த இயக்குநர்
"இதுதான்யா பயமா இருக்கு" என்றார்.

அவள் மட்டும் என்னோடு பேசவில்லை.
வெள்ளைக் கண்ணோடு ஒரு செல்ஃபி எடுத்து
தம்பிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தாளாம்.
இட்லி பொட்டலத்தைக்கூட
லியாகத் கையால்தான் வாங்கினாள்.

விடியற்காலை நாலரை, கம்பெனி வேன்.
கோயம்பேடு தாண்டும்வரை
ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தவள்
தலையைத் திருப்பாமல் கேட்டாள்:
"அந்த அளவு எடுக்க
எவ்ளோக்கா ஆவும்?"